முழங்கால் நீரில் ஒரு கலைக்காட்சி

கலைக் கண்காட்சி என்றதும் நம்மில் பலருக்கு ஆவலுக்கு முன்பாகத் தயக்கம் எழுகிறது. ‘நமக்கு அது புரியுமா?’ என்ற தயக்கம் அது. கோயில் திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், ‘சமகாலக் கலை’ என்ற சொல்லைக் கேட்டதும் அது வேறு யாருக்கோ உரியது என்று விலகிவிடுகிறோம். நாங்களும் நெடுங்காலம் அவ்வாறு விலகி நின்றவர்களே. ஓவியம் பார்ப்பதில் எங்களுக்கு விருப்பம் உண்டு. பயிற்சி எதுவும் இல்லை. நாட்காட்டியில் நல்ல படம் வந்தால் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோம். அவ்வளவே எங்கள் கலையறிவு.

அத்தகைய நாங்கள் 2017ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒருநாள் கோவையிலிருந்து ரயிலேறிக் கொச்சிக்குச் சென்று, அங்கே நடைபெற்றுக்கொண்டிருந்த கொச்சி–முசிறி பினாலேயைக் கண்டு திரும்பினோம். கணவன், மனைவி, ஒன்பது வயது மகள், எழுபத்தைந்து வயதைக் கடந்த தாயார் என நால்வர். தாயாரை வீட்டில் தனியே விட மனமில்லாமல்தான் உடன் அழைத்துச் சென்றோம். அவருக்குப் பொழுது போகுமா என்ற கவலையும் எங்களுக்கு இருந்தது. அந்தக் கவலை எவ்வளவு தேவையற்றது என்பதை அன்று பிற்பகலில் அறிந்துகொண்டோம்.

முசிறியின் பெயரில் ஒரு விழா

‘பினாலே’ என்பது இத்தாலிய மொழிச் சொல். ஈராண்டுக்கு ஒருமுறை நிகழ்வது என்பது அதன் பொருள். 1895இல் வெனிஸ் நகரில் தொடங்கிய கலை விழாவே இவ்வகை விழாக்களுக்கெல்லாம் முன்னோடி. கொச்சியில் இவ்விழா முதன்முதலாக 2012ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் தொடங்கியது. கேரளத்தைச் சேர்ந்த ஓவியர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் இதனை உருவாக்கினர்.

பெயரில் உள்ள முசிறி தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. சேரநாட்டின் அத்துறைமுகத்தைச் சங்க இலக்கியம் நன்கறியும். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட ஊர் அது. பெரியாற்றில் 1341இல் ஏற்பட்ட பெருவெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்துக்கு வழிதிறந்தது என்று கருதப்படுகிறது. கொச்சிக்கு வடக்கே உள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வில் உரோமானியக் கலன்களின் ஓடுகள் கிடைத்தன. பழைய முசிறி அங்கேயே இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து.

பெரும்பாலும் பினாலே ஒவ்வொன்றுக்கும் ஒரு கலைஞர் பொறுப்பேற்று, எந்தக் கலைஞர்களை அழைப்பது, எந்தப் படைப்பை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கிறார். நாங்கள் கண்ட மூன்றாவது பினாலேக்கு அவ்வாறு பொறுப்பேற்றவர் மும்பையில் வாழும் சிற்பி சுதர்சன் ஷெட்டி. 31 நாடுகளைச் சேர்ந்த 97 கலைஞர்கள் அதில் பங்கேற்றனர். ஓவியர்களோடு கவிஞர்கள், இசைஞர்கள், நாடகக் கலைஞர்கள் ஆகியோரையும் அவர் அழைத்திருந்தார்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துவது நலம். கலைக்கூடம் என்பது ஓவியங்களைக் காட்டி விற்கும் இடம். டெல்லியில் 2008 முதல் நடைபெற்றுவரும் கலைச்சந்தையும் வாங்குவோரும் விற்போரும் கூடும் இடமே. பினாலே சந்தையன்று, அங்கே படைப்புகளின் அருகில் விலைச்சீட்டு இராது. வாங்கும் எண்ணமும் வசதியும் இல்லாத நம்மைப் போன்றோர் அங்கே கூச்சமின்றி உலவலாம்.

கிடங்குகளுக்குள் கலை

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு செல்கிறது. இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஆஸ்பின்வால் இல்லம். 1867இல் ஜான் ஆஸ்பின்வால் என்னும் ஆங்கில வணிகர் தொடங்கிய நிறுவனத்தின் வளாகம் இது. தேங்காயெண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள், கயிறு, தேயிலை எனக் கப்பலேறிய சரக்கெல்லாம் குவிந்துகிடந்த கிடங்குகள் நீர்க்கரையோரமாக இன்றும் நிற்கின்றன. பினாலேயின் முதன்மைக் காட்சியிடமாக அமைந்தது இந்த வளாகமே.

அருங்காட்சியகத்தின் பளிங்குத் தளத்தையும் குளிரூட்டிய அறைகளையும் எதிர்பார்த்துச் சென்ற எங்களுக்குக் காரை பெயர்ந்த சுவர்களும் ஓட்டுக்கூரைகளும் வியப்பளித்தன. ஊர்ச் சுவர்களிலும் கலை இருந்தது. அர்ஜென்டினா எழுத்தாளர் செர்ஜியோ செய்ஃபெக்கின் நாவலொன்று பகுதி பகுதியாக ஃபோர்ட் கொச்சித் தெருச் சுவர்களில் எழுதப்பட்டிருந்தது. அடுத்த பகுதி எந்தச் சுவரில் இருக்கிறது என்று தேடுவதே மகளுக்கு விளையாட்டாயிற்று.

முதலில் நாங்கள் நின்றது பி. கே. சதானந்தனின் சுவரோவியத்தின் முன். கேரளக் கோயில் சுவரோவிய மரபில் வந்த கலைஞர் அவர். ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள அவ்வோவியத்தை உதவியாளர்களோடு பார்வையாளர் கண்முன்னேயே விழா நாட்கள் முழுவதும் தீட்டிக்கொண்டிருந்தார். கல்லையும் மண்ணையும் அரைத்தெடுத்த சிவப்பும் மஞ்சளும், அவுரியின் நீலமும், விளக்குக் கரியின் கறுப்பும் அம்மரபுக்குரிய வண்ணங்கள். வரருசி என்னும் பண்டிதருக்கும் பறையர் குலப் பெண்ணுக்கும் பிறந்த பன்னிரு குழந்தைகள் வெவ்வேறு குலங்களில் வளர்ந்ததாகக் கூறும் கேரளத் தொன்மக் கதையே ஓவியத்தின் பொருள்.

அங்கே எங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கதை இருந்தது, உருவங்கள் இருந்தன, கைத்திறன் கண்கூடாகத் தெரிந்தது. “இதுதான் ஓவியம்” என்று நிறைவோடு சொல்லிக்கொண்டோம். அந்த நிறைவு அடுத்த சில நிமிடங்களே நீடித்தது.

சாணத்தின் மணம்

வளாகத்தின் திறந்தவெளியில் ஒரு பிரமிடு எழுந்து நின்றது. கல்லால் ஆனதன்று, மூங்கில், பாய், மண், சாணம் ஆகியவற்றால் ஆனது. அமைத்தவர் ஸ்லோவேனியக் கவிஞர் அலேஷ் ஷ்டேகர். நாடு கடத்தப்பட்ட கவிஞர்களின் பிரமிடு என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்.

உள்ளே வெளிச்சமே இல்லை. குறுகிய வழியில் சுவரைத் தடவியபடி நடக்க வேண்டும். இருளுக்குள்ளிருந்து வெவ்வேறு மொழிகளில் கவிதை வாசிக்கும் குரல்கள் வருகின்றன. எதுவும் எங்களுக்குப் புரியவில்லை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “நாற்றம் அடிக்கிறது, போகலாம்” என்றாள். எங்களில் ஒருவர், “மண்ணும் சாணமும் பூசிவைத்தால் கலையாகிவிடுமா? நாமே செய்துவிடலாமே” என்று முணுமுணுத்தது உண்மை.

தாயார் மட்டும் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றுவிட்டார். வெளியே வந்ததும், “எங்க ஊட்டு வாசல் இப்படித்தான் மணக்கும். அதை உட்டு வந்து அம்பது வருசமாச்சு” என்றார்.

அவர் சொன்னதைச் சற்று எண்ணிப் பார்த்தோம். சொந்த மண்ணைவிட்டுத் துரத்தப்பட்டவர்களைப் பற்றிய படைப்பு அது. துரத்தப்பட்டவனுக்குக் கண்முன் எதுவும் இல்லை. இருளும், அந்நிய மொழிக் குரல்களும், ஊரின் மணமுமே மிஞ்சுகின்றன. விளக்கக் குறிப்பைப் படித்து நாங்கள் அறிந்துகொள்ள முயன்றதைத் தாயார் மூக்கால் அறிந்துகொண்டுவிட்டார்.

இவ்வகைப் படைப்புக்கு ‘நிறுவல் கலை’ என்று பெயர். ஓவியத்தை எதிரே நின்று பார்க்கிறோம். நிறுவலுக்குள் நாமே நுழைகிறோம். கண்ணோடு காதும் மூக்கும் தோலும் காலும் அங்கே வேலை செய்கின்றன. ஆகவே, ‘இது எதைப் போல இருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டு நின்றால் விடை கிடைப்பதில்லை. ‘இதற்குள் நிற்கும்போது எனக்கு என்ன நேர்கிறது?’ என்று கேட்டால் ஏதேனும் ஒன்று பிடிபடத் தொடங்குகிறது.

படம் இல்லாத சிறுவன்

அடுத்த கிடங்கின் வாயிலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே எட்டிப்பார்த்தோம். நீண்ட கூடம் முழுவதும் நீர். கடல்நீரைத் தேக்கியிருந்தார்கள். சிலர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அந்நீரில் மெல்ல நடந்துகொண்டிருந்தனர். இருபுறச் சுவர்களிலும் சிறுசிறு வரிகள். தொலைவில், கூடத்தின் மறுகோடிச் சுவரில், சற்று நீண்ட எழுத்து. அதைப் படிக்க வேண்டுமானால் நீரைக் கடந்தாக வேண்டும்.

படைத்தவர் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிட்டா. 1973 செப்டம்பரில் அந்நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது கைது செய்யப்பட்டுக் கப்பலொன்றின் அடித்தளத்தில் அடைத்துவைக்கப்பட்டவர். இப்படைப்புக்கு ‘வலியின் கடல்’ என்று பெயர் வைத்திருந்தார்.

தாயார் வெளியிலேயே அமர்ந்திருக்கட்டும் என்று எண்ணினோம். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேத்தியின் கையைப் பிடித்து எங்களுக்கு முன்பாக நீரில் இறங்கிவிட்டார். தண்ணீர் அலைந்த ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை. சுவர் வரிகளெல்லாம் கேள்விகள். ‘பார்க்கவில்லையா, கேட்கவில்லையா’ என்று நடப்பவரை வினவுகின்ற கேள்விகள். நீருக்குள் விரைந்து நடக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு கேள்வியும் வேண்டிய நேரம் நம்மோடு இருக்கிறது.

மறுகோடியை அடைந்தோம். ஆங்கிலத்தில் இருந்த அவ்வெழுத்தின் பொருளை அங்கேயே நின்று தாயாருக்குத் தமிழில் சொன்னோம்.

2015 செப்டம்பரில் சிரியாவிலிருந்து தப்பிய குடும்பமொன்றின் படகு துருக்கிக் கடற்கரையருகே கவிழ்ந்தது. ஆலன் குர்தி என்னும் சிறுவனின் உடல் கரையில் ஒதுங்கிக் கிடந்த புகைப்படத்தை உலகமே கண்டு கலங்கியது. அதே படகில் அவனுடைய தாயும், காலிப் என்னும் ஐந்து வயது அண்ணனும் மூழ்கி இறந்தனர். தம்பியின் படம் உலகமெங்கும் சென்றது. கடலில் மாண்ட அண்ணனை அப்படிக் காட்டும் படம் எதுவும் இல்லை. சுரிட்டா இந்தக் கடலை அந்த அண்ணனுக்கே படைத்திருந்தார்.

கூடத்தில் எங்கும் ஓர் உருவமும் வரையப்படாததன் காரணம் அப்போது எங்களுக்கு விளங்கியது.

தாயார் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “என் தம்பிக்கும் படம் கெடையாது” என்றார்.

அவருக்குத் தம்பி ஒருவர் இருந்தார் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. தமக்கு ஏழு வயதிருக்கும்போது, நான்கு வயதுத் தம்பி காய்ச்சலில் மூன்றே நாளில் இறந்துபோனதையும், புகைப்படம் எடுக்கும் வழக்கமெல்லாம் அக்காலத்தில் ஊரில் இல்லை என்பதையும், முகம் மறந்துபோய்ச் சிரிப்பு மட்டும் நினைவிருப்பதையும் அவர் அந்த நீரில் நின்றபடியே சொன்னார். “அப்பத்தா, அவர் பேர் என்ன?” என்று மகள் கேட்டாள். தாயார் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒலித்தது அதுவே முதன்முறை.

சமகாலக் கலை நமக்குப் புரியுமா என்ற வினாவோடு சென்றவர்கள் நாங்கள். சிலி நாட்டுக் கவிஞர் சிரியச் சிறுவனுக்காகக் கொச்சியில் தேக்கிய நீர், கொங்கு நாட்டுச் சிற்றூரில் எழுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த குழந்தையிடம் எங்களைக் கொண்டுசேர்த்தது. அதற்குக் கலை வரலாறு ஏதும் தேவைப்படவில்லை. நீரில் இறங்க வேண்டியிருந்தது. சுவரில் இருந்ததைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அவ்வளவே.

எவ்வாறு பார்ப்பது?

அன்றைய நாளிலிருந்து நாங்கள் ஒரு பழக்கத்தை மேற்கொண்டுள்ளோம். எந்தப் படைப்பின் முன் நின்றாலும், ‘இதன் பொருள் என்ன?’ என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம். முதலில், இது எதனால் ஆனது என்று பார்க்கிறோம். அடுத்து, இது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்கிறோம். பிறகே குறிப்பைப் படிக்கிறோம். பெரும்பாலும் முதல் இரண்டு கேள்விகளிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

கொச்சியின் மற்றப் பினாலேக்களிலிருந்தே சில எடுத்துக்காட்டுகளைக் கூறலாம். 2012இல் விவான் சுந்தரம் பட்டணம் அகழாய்வில் கழித்து ஒதுக்கப்பட்ட பானையோடுகளை அடுக்கி, முசிறியைப் போன்றதொரு கற்பனை நகரை அமைத்தார். அதில் நீரும் மிளகும் இடம்பெற்றன. ‘கறுப்புப் பொன்’ என்பது படைப்பின் பெயர். பொருள் ஓடு, இடம் பழைய மிளகுக் கிடங்கு என்று தெரிந்தவுடன் கதையின் பெரும்பகுதி தெரிந்துவிடுகிறது. 2014இல் அனிஷ் கபூர் ஆஸ்பின்வால் இல்லத்தின் தரைக்குள்ளேயே ஓயாது சுழலும் நீர்ச்சுழி ஒன்றை அமைத்தார். வெளியே அமைதியான நீர்ப்பரப்பு. உள்ளே காலடியில் சுழி. அந்த வேறுபாட்டை உணரக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை.

2018இல் தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சன் பருத்திச் சட்டைகளைக் கயிறுகளில் தொங்கவிட்டார். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இந்தியாவிலிருந்து கேப் டவுனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு விற்கப்பட்ட அடிமைகளின் பெயர், வயது, விலை ஆகியவை சட்டைக்கு ஒருவராக மையால் எழுதப்பட்டிருந்தன. படைப்பின் பெயர், ‘நூற்றுப் பத்தொன்பது கிரயப் பத்திரங்கள்’. வீட்டுக்கும் நிலத்துக்கும் கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கும் நம்மில் எவருக்கும் அந்தத் தலைப்பு ஒன்றே போதும். கப்பல்கள் சரக்கேற்றிச் சென்ற துறைமுகத்திலேயே அச்சட்டைகள் காற்றில் ஆடின என்பது மீதியைச் சொல்லிவிடும்.

எல்லாப் படைப்பும் இவ்வாறு நம்மைத் தொட்டுவிடும் என்று சொல்வதற்கில்லை. அன்று நாங்கள் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. அதில் குறையொன்றுமில்லை. நூலகத்தில் உள்ள நூல்களெல்லாம் ஒருவருக்கே எழுதப்பட்டவையல்லவே. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையும் பார்வையாளருக்கு உண்டு. உள்ளே சென்று பார்த்தபின் அதைச் சொல்வது நேர்மை.

குடும்பத்தோடு செல்வோர்க்குச் சில குறிப்புகள்

கொச்சி பினாலே வழக்கமாக டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நடைபெறுகிறது. காட்சியிடங்களும் நேரமும் கட்டணமும் விழாவுக்கு விழா மாறக்கூடும் என்பதால் புறப்படுமுன் உறுதி செய்துகொள்வது நன்று.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல வேண்டாம். முதியோரும் குழந்தைகளும் உடன் இருந்தால் முற்பகலில் ஓரிடம், பிற்பகலில் ஓரிடம் என்று அமைத்துக்கொள்ளலாம். எளிதில் கழற்றக்கூடிய செருப்பும், நனைந்தாலும் கவலையில்லாத உடையும் ஏற்றவை. வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். குடிநீர் கையில் இருக்கட்டும்.

தொடலாமா, புகைப்படம் எடுக்கலாமா என்பது படைப்புக்குப் படைப்பு மாறும். கூடத்தில் இருக்கும் தன்னார்வலரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். விளக்கிச் சொல்லவே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். வன்முறையையோ துயரத்தையோ நேரடியாகக் காட்டும் காட்சிகளும் சில இருக்கக்கூடும். குழந்தையை அழைத்துச் செல்லுமுன் பெரியவர் ஒருவர் உள்ளே சென்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

குழந்தைகள் ‘இது என்ன?’ என்று கேட்கும்போது உடனே விடை கூற வேண்டியதில்லை. ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். முதியோரிடமும் அவ்வாறே கேட்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் அவர்களைத்தான் நாம் கேட்க மறந்துவிடுகிறோம்.

கொச்சிக்குச் செல்ல இயலாதவர்களுக்கும் வாய்ப்புகள் உண்டு. டெல்லி, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களில் தேசிய நவீனக் கலைக்கூடங்கள் உள்ளன. சென்னையில் லலித் கலா அகாதெமியின் வட்டார மையமும், 1966இல் கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமமும் இருக்கின்றன. விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அன்று மாலை திரும்பும் படகில் மகள் குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பார்த்த படைப்புகளைப் பட்டியலிடுகிறாள் என்று எண்ணினோம். தாத்தா, அப்பத்தா, அப்பா, அம்மா, அத்தை என்று குடும்ப மரம் ஒன்றை வரைந்திருந்தாள். பள்ளிக்காக முன்பே ஒருமுறை வரைந்ததுதான். இம்முறை அப்பத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோட்டை நீட்டி, நீரில் நின்று கேட்ட அந்தப் பெயரை எழுதியிருந்தாள். தாயார் எழுத்துக்கூட்டி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “றகரம் போடு, ரகரம் இல்லை” என்று திருத்தினார்.